வாயிலில் நிற்கும் தூதுவன்

அச்சம் தோன்றிய கணத்தில் நெஞ்சு படபடக்கின்றது. ஈரலிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த சர்க்கரை குருதியிற் கலக்கின்றது. இவ்விரண்டையும் செய்விப்பது, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள சுரப்பிகளிலிருந்து புறப்படும் அதிரினலின் என்னும் ஓமோன் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின், அந்த ஓமோன் ஈரற் கலத்தினுள்ளே நுழைவதில்லை. கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வின் வெளிப்புறத்தைத் தொடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது. கதவைத் தட்டியவன் வெளியிலேயே நிற்க, உள்ளறையில் அடுப்பு மூட்டப்படுவது எவ்வாறு? இந்த வினாவுக்கு முழுமையான விடை காண்பதற்கு விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நாற்பது ஆண்டுகளின் வரலாற்றில் ஒரு புதுமை உண்டு. ஆய்வாளர் தேடிச் சென்ற பொருள்களைக் காட்டிலும், அழுக்கு என்று ஒதுக்கத்தக்க பொருள்களே அவர்களுக்கு வழிகாட்டின.

முதலடி எடுத்துவைத்தவர் ஏர்ள் சதர்லாந்து என்னும் அமெரிக்கர். ஓமோனின் செயல் உயிருள்ள முழுக் கலத்திலேயே நிகழும், கலத்தை நசுக்கினால் அச்செயலும் அழிந்துபோம் என்பதே அக்காலத்தார் கொண்ட முடிபு. 1950களில் கிளீவ்லாந்து நகரில் சதர்லாந்தும் அவருடைய துணைவர் தியடோர் றாலும் ஈரலை நசுக்கிச் சாறாக்கி, அச்சாற்றிலும் அதிரினலின் வேலை செய்வதைக் காட்டினர். சாற்றைச் சுழற்றி, மென்சவ்வுத் துகள்களை வேறாக்கிய போது ஓமோனின் செயல் மறைந்தது. அத்துகள்களைத் திரும்பச் சேர்த்தபோது செயலும் திரும்பிற்று. மென்சவ்வுத் துகள்கள் ஓமோனைச் சந்தித்ததும் ஒரு சிறு பொருளை ஆக்குகின்றன என்பதும், கொதிக்க வைத்தாலும் அழியாத அப்பொருளே உள்ளே சென்று கட்டளையிடுகின்றது என்பதும் தெளிவாயின. அப்பொருள் வட்ட ஏ.எம்.பி. எனப்படும். அதே பொருளை வேறொரு நகரில் டேவிட் லிப்கின் என்பவர் முற்றிலும் வேறான இரசாயன வழியில் ஆக்கியிருந்தார். இருவரும் தனித்தனியே லியோன் ஹெப்பல் என்னும் ஒரே அறிஞருக்குக் கடிதம் எழுதியிருந்தனர். இரண்டு கடிதங்களும் ஒரே பொருளைப் பற்றியன என்பதை உணர்ந்தவர் அவரே. ஓமோன் முதலாம் தூதுவன், வட்ட ஏ.எம்.பி. இரண்டாம் தூதுவன் என்ற சதர்லாந்தின் கொள்கைக்கு 1971ஆம் ஆண்டு நொபெல் பரிசு கிடைத்தது.

உடலுக்குச் சக்தி வழங்கும் ஏ.ரீ.பி. என்னும் பொருளிலிருந்து வட்ட ஏ.எம்.பி.யை ஆக்கும் நொதியத்துக்கு அடெனிலேற்று சைக்கிளேசு என்பது பெயர். பெயர் நீண்டதாதலின் சைக்கிளேசு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஓமோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கி மென்சவ்வின் வெளிமுகத்தில் இருக்கின்றது. சைக்கிளேசு உள்முகத்தில் இருக்கின்றது. இவ்விரண்டும் ஒரே புரதத்தின் இரு முனைகளாகலாம் என்று பலர் எண்ணினர். எளிமையான எண்ணம்; ஆனால் தவறானது.

அந்த எண்ணத்தை அசைத்தவர் மார்ட்டின் றொட்பெல். 1925ஆம் ஆண்டு பால்ற்றிமோர் நகரிற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் வானொலி இயக்குநராகப் பணியாற்றியவர். செய்தியை ஏற்கும் கருவி வேறு, அதனை உருமாற்றும் கருவி வேறு, பெருக்கி ஒலிக்கச் செய்யும் கருவி வேறு என்பது அவருக்குக் கைப்பழக்கமான அறிவு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் எலியின் கொழுப்புக் கலங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையொன்றை 1964ஆம் ஆண்டு வகுத்தார். அக்கலங்களின் மென்சவ்வு அதிரினலினுக்கும் செவி சாய்த்தது; குளுக்ககனுக்கும் செவி சாய்த்தது; வேறு சில ஓமோன்களுக்கும் செவி சாய்த்தது. ஒவ்வொன்றுக்கும் வாங்கி வேறு. ஆனால் இரண்டு மூன்று ஓமோன்களை ஒருங்கே இட்டபோது பயன் அதற்கேற்பக் கூடவில்லை. பல கதவுகள் ஒரே அடுப்பங்கரைக்கு வழிவிட்டன என்பதே இதன் பொருள். எனவே வாங்கிக்கும் சைக்கிளேசுக்கும் நடுவே, எல்லா வாங்கிகளிடமிருந்தும் செய்தியை ஏற்று உருமாற்றிக் கொடுக்கும் மூன்றாவது ஒன்று இருத்தல் வேண்டும் என்று றொட்பெல் கருதினார். கருதினார் என்பதற்கு மேல் அப்பொழுது ஒன்றும் சொல்வதற்கில்லை. கண்ணாற் கண்டவர் எவருமிலர்.

அடுத்த சோதனை ஈரலின் மென்சவ்வில் நடைபெற்றது. லூட்ஸ் பேர்ன்பௌமர், ஸ்டீவன் போல், மிகீல் கிரான்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, கதிர்வீசும் அயடீன் ஏற்றப்பட்ட குளுக்ககன் வாங்கியிற் பற்றுவதையும் விடுவதையும் றொட்பெல் அளந்தார். பற்றிய குளுக்ககன் எளிதில் விடுவதாயில்லை. ஏ.ரீ.பி.யைச் சேர்த்தால் மட்டும் விட்டது. ஆனால் அதற்கு ஏ.ரீ.பி. ஏராளமாக வேண்டியிருந்தது. ஒரு பொருளை அளவுக்கு மிஞ்சி இட்டாலன்றி வேலை நடவாதெனின், வேலை செய்வது அந்தப் பொருள்தானா, அல்லது அதிற் கலந்திருக்கும் வேறொன்றா? கடையில் வாங்கிய ஏ.ரீ.பி.யை ஐயுற்று, அதன் உறவுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். ஜீ.ரீ.பி. என்னும் பொருள் மிகமிகச் சிறிய அளவிலேயே அவ்வேலையைச் செய்து முடித்தது. சைக்கிளேசு ஓமோனுக்குச் செவிசாய்ப்பதற்கும் ஜீ.ரீ.பி. தேவை என்பதும் உடன் வெளிப்பட்டது. அதுகாறும் உலகெங்கும் இத்துறையில் நடந்த சோதனைகள் வெற்றி பெற்றமைக்கு, ஏ.ரீ.பி.ப் போத்தல்களில் ஒட்டிக்கொண்டிருந்த இந்த அழுக்கும் ஒரு காரணம். 1971ஆம் ஆண்டு இவ்வாய்வுகள் தொடர் கட்டுரைகளாக வெளிவந்தன.

ஜீ.ரீ.பி. எங்கே பற்றுகின்றது? இதற்கு விடை வேர்ஜீனியா மாநிலத்தின் சார்லற்ஸ்வில் நகரிலிருந்து வந்தது. அங்கே அல்பிரட் கில்மன் என்னும் இளம் பேராசிரியர் இருந்தார். இவருடைய தந்தையாரும் அல்பிரட் கில்மனே. மருந்தியலில் உலகப் புகழ் பெற்ற பாடநூலொன்றை லூயிஸ் குட்மன் என்பவரோடு சேர்ந்து எழுதியவர். அந்த நட்பின் நினைவாக மகனுக்கு அல்பிரட் குட்மன் கில்மன் என்று பெயரிட்டார். ஆகவே, மருந்து நூலின் முகப்பையே பெயராகக் கொண்டு பிறந்தவர் இவர்.

கில்மனுக்குக் கைகொடுத்தது சுண்டெலியின் நிணநீர்ப் புற்றுக் கலம். இக்கலத்தினுள் வட்ட ஏ.எம்.பி. மிகுந்தால் அது மடிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹென்றி போர்ன், பிலிப் கொபினோ, கோர்டன் தொம்கின்ஸ் ஆகியோர் அதிரினலினையொத்த மருந்தை ஊற்றி இக்கலங்களை வளர்த்தனர். ஏறத்தாழ எல்லாம் மடிந்தன, சில பிழைத்தன. பிழைத்தவற்றில் சைக்கிளேசு இல்லை போலும் என்று கொண்டு, அதற்கேற்பப் பெயரும் இட்டு 1975ஆம் ஆண்டு அறிவித்தனர். கில்மனும் அவருடைய மாணாக்கராய் வந்த எலியட் றொஸ்ஸும் இக்குறையை நிரப்ப முயன்றனர். நல்ல கலங்களின் மென்சவ்வைச் சவர்க்காரத்தன்மையுள்ள பொருளிற் கரைத்து, அக்கரைசலைக் குறைபட்ட மென்சவ்வோடு கலந்தனர். ஓமோனின் செயல் மீண்டது. எதிர்பார்த்ததே நடந்தது.

நல்ல ஆய்வாளர் எதிர்பார்த்தது நடந்தபோதும் ஓர் எதிர்ச்சோதனை செய்வார். கரைசலை இலேசாகச் சூடாக்கி, அதிலுள்ள சைக்கிளேசை அழித்துவிட்டு, அதையும் கலந்து பார்த்தனர். விளைவு பூச்சியமாதல் வேண்டும். ஆகவில்லை, ஓமோனின் செயல் மறுபடியும் மீண்டது. அழிந்த சைக்கிளேசு வேலை செய்தல் இயலாது. எனின், வேலை செய்யும் சைக்கிளேசு குறைபட்டது என்று பெயர் பெற்ற அந்தக் கலத்திலேயே முன்பும் இருந்திருக்கின்றது. அதனிடம் இல்லாதது வேறொன்று. சூட்டைத் தாங்கி நின்ற கரைசல் கொடுத்தது அந்த வேறொன்றையே. றொட்பெல் கருதியிருந்த நடுவாள் இவ்வாறு 1977ஆம் ஆண்டு பிடிபட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அக்கலம் இன்றும் சைக்கிளேசு அற்றது என்ற பிழையான பெயரையே தாங்கி நிற்கின்றது.

முயலின் ஈரலிலிருந்து அந்நடுவாளை முற்றிலும் தூய்மையாக்கி 1980ஆம் ஆண்டு வெளியிட்டனர் கில்மன் குழுவினர். ஜீ.ரீ.பி.யைப் பற்றும் புரதமாதலால் ஜீ புரதம் என்ற பெயர் நிலைத்தது. ஒரே புரதம் என்று கருதப்பட்டது உண்மையில் துண்டுகளாலான கூட்டம். பெரியது அல்பா, அடுத்தது பீற்றா என்று இரண்டு உப அலகுகள் முதலிற் கண்டறியப்பட்டன. மூன்றாவது காமா, மிகச் சிறியதாகையால் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் கூழ்த்தட்டில் அது கண்ணுக்குத் தப்பி ஓடிவிட்டது. விழித்திரையில் ஒளிச் செய்தியைக் கடத்தும் இனப் புரதத்தில் 1981ஆம் ஆண்டே மூன்றும் காணப்பட்டிருந்தன. ஈரல் முதலியவற்றின் புரதங்களிலும் காமா உண்டு என்பது 1984ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று.

அழுக்கின் கதை இங்கும் தொடர்ந்தது. புளோரைட்டை இட்டால் சைக்கிளேசு எழுச்சி பெறும் என்பது சதர்லாந்தின் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் புளோரைட்டு மட்டும் போதாது, சிறிதளவு அலுமினியமும் வேண்டும் என்பதை 1982ஆம் ஆண்டு போல் ஸ்டேர்ன்வைஸும் கில்மனும் கண்டனர். அந்த அலுமினியம் ஆய்வாளர் எவரும் இட்டதன்று. சோதனைக் குழாயின் கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது.

மூன்று உப அலகுகளும் செய்யும் வேலை யாது? ஓய்ந்திருக்கும்போது அல்பாவின் மடியில் ஜீ.டீ.பி. என்னும் செலவழிந்த பொருள் கிடக்கின்றது. பீற்றாவும் காமாவும் அல்பாவோடு ஒட்டியிருக்கின்றன. ஓமோன் வந்து வாங்கியைத் தொட்டதும், வாங்கி உள்முகமாக அல்பாவை அசைக்கின்றது. பழைய ஜீ.டீ.பி. விழுந்துவிடுகின்றது, அவ்விடத்திற் புதிய ஜீ.ரீ.பி. அமர்கின்றது. அமர்ந்த கணத்தில் அல்பா தன் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து சைக்கிளேசிடம் செல்கின்றது. சைக்கிளேசு வட்ட ஏ.எம்.பி.யை ஆக்கத் தொடங்குகின்றது. பீற்றாவும் காமாவும் ஒருபொழுதும் ஒன்றையொன்று பிரிவதில்லை, இணைந்தே இருக்கின்றன. இவ்வளவில் நின்றால் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். அல்பாவின் சிறப்பு இனித்தான் விளங்குகின்றது. தன் மடியிலுள்ள ஜீ.ரீ.பி.யைத் தானே வெட்டி ஜீ.டீ.பி. ஆக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சில வினாடிகளில் வெட்டி முடித்ததும் அல்பா ஓய்ந்து, பீற்றா காமாவிடம் திரும்பிச் சேர்கின்றது. செய்தியைக் கொண்டுசெல்லும் தூதுவனே அதன் முடிவு நேரத்தையும் குறிக்கும் கடிகாரமாக இருக்கின்றான். ஓமோன் ஜீ.ரீ.பி. வெட்டப்படுவதை விரைவாக்குகின்றது என்பதை 1976ஆம் ஆண்டு வான்கோழியின் செங்குருதிக் கலங்களைக் கொண்டு முதலில் காட்டியவர்கள், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானி கசலும் சுவி செலிங்கரும் ஆவர்.

இக்கடிகாரம் நின்றுபோனால் நேர்வதை அறிவதற்கு ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. வாந்திபேதி கண்ட ஊர்கள் அதனை அறியும். நோயாளியின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் வெளியேறக்கூடும். சிகிச்சையின்றேல் சில மணி நேரத்தில் உயிர் பிரியலாம். கிருமி குடலின் சுவரை அரிப்பதில்லை. சுவர் அப்படியே இருக்கின்றது. எனின், நீர் ஏன் கொட்டுகின்றது? கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கின்றது என்று 1884ஆம் ஆண்டு றொபேட் கொக் ஊகித்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் அது ஊகமாகவே கிடந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த நோயியற் பேராசிரியர் சம்புநாத் தே, முயலின் குடலில் ஒரு துண்டை இரு புறமும் கட்டி, அதனுட் கிருமியை ஏற்றிச் சோதிக்கும் முறையை 1953ஆம் ஆண்டு வெளியிட்டார். 1959ஆம் ஆண்டு அவர் கிருமிகளை முற்றாக வடித்தகற்றிய வெறும் நீரை ஏற்றினார். கட்டப்பட்ட குடற்றுண்டு நீரால் நிறைந்து வீங்கிற்று. நஞ்சு உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. இத்துணை முதன்மையான கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தமை வருந்தத்தக்கது. 1978ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் நடைபெற்ற நொபெல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். 1985ஆம் ஆண்டு காலமானார். அவர் வாழ்ந்த நாளில் அவர் நாட்டின் விஞ்ஞானக் கழகங்கள் அவரை உரியவாறு போற்றவில்லை.

அவர் காட்டிய நஞ்சு குடற் கலத்தினுட் புகுந்து அல்பாவையே தேடிச் செல்கின்றது என்பது 1970களின் பிற்பகுதியில் தெரியவந்தது. கசலும் செலிங்கரும் 1977ஆம் ஆண்டு, இந்நஞ்சு பட்ட மென்சவ்வில் ஜீ.ரீ.பி. வெட்டப்படுவது தடைப்படுகின்றது என்று காட்டினர். நஞ்சு, கலத்திலுள்ள வேறொரு பொருளிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அல்பாவின் உடலில் ஆர்ஜினின் என்னும் ஓர் அமினோவமிலத்தின் மேல் ஒட்டிவிடுகின்றது. அதன்பின் அல்பாவால் வெட்ட முடிவதில்லை, ஓய முடிவதில்லை. சைக்கிளேசு இடைவிடாது ஓடுகின்றது; வட்ட ஏ.எம்.பி. பெருகுகின்றது, குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகின்றது, நீர் அதனைத் தொடர்கின்றது. ஆனால் குளுக்கோசும் உப்பும் சேர்ந்து உள்ளே ஏறும் வேறொரு வழி குடற் கலத்தில் உண்டு. அதனை நஞ்சு அடைப்பதில்லை. சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்து உயிர் காக்கும் முறை இதனாற் பயன் தருகின்றது. 1971ஆம் ஆண்டு வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இம்முறையைப் பெருவாரியாகக் கையாண்டு, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறக்கினார். அல்பா ஏன் ஓயவில்லை என்பது அவருக்கு அப்பொழுது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

குக்கலிருமற் கிருமியின் நஞ்சு வேறு விதமாக வேலை செய்கின்றது. சைக்கிளேசை அடக்கும் மற்றோர் இன ஜீ புரதம் உண்டு. அதன் அல்பாவை வாங்கியின் சொல் கேளாதவாறு இந்நஞ்சு செவிடாக்கிவிடுகின்றது. யப்பானில் மிச்சியோ ஊயியும் தோசியாக்கி கத்தாடாவும் 1982ஆம் ஆண்டளவில் இதனை விளக்கினர்.

இதுவரை கதையின் நாயகன் அல்பாவே. பீற்றாவும் காமாவும் அல்பாவை மென்சவ்வோடு பிணைத்து வைக்கும் வெறும் கட்டுத்தறி என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். 1987ஆம் ஆண்டு இவ்வெண்ணத்துக்குப் பெரும் இடையூறு நேர்ந்தது. இருதயத்தின் ஓட்டத்தை வேகசு நரம்பு மெதுவாக்குகின்றது. அந்நரம்பிலிருந்து ஒரு பொருள் சுரக்கின்றது என்பதை 1921ஆம் ஆண்டு தவளை இருதயங்களைக் கொண்டு ஒட்டோ லோவி காட்டியிருந்தார். அப்பொருளான அசற்றைல்கோலின் இருதயக் கலத்திற் பொற்றாசியம் வெளியேறும் வாயில்களைத் திறக்கின்றது. அவ்வாயிலைத் திறப்பது அல்பா அன்று, பீற்றா காமாவே என்று லொகொதெற்றிஸ், கிளப்பம், ஏவா நீயர் ஆகியோரும் அவர்தம் துணைவரும் அறிவித்தனர். இல்லை, அல்பாவே திறக்கின்றது என்று அதே ஆண்டில் மற்றொரு குழு அறிவித்தது. அக்குழுவின் முன்னணியில் நின்றவர் றொட்பெல்லின் பழைய துணைவரான பேர்ன்பௌமர்.

வாதம் கடுமையாயிற்று. பீற்றா காமாவின் செயல் என்று காட்டப்பட்டது உண்மையில் அப்புரதத்தைக் கரைத்து வைத்திருந்த சவர்க்காரப் பொருளின் செயலாகலாம் என்று எதிர்த்தரப்பார் கூறினர். குற்றச்சாட்டு நியாயமற்றதன்று, ஏ.ரீ.பி.ப் போத்தலையும் கண்ணாடிக் குழாயையும் கண்ட துறை அழுக்கை அஞ்சுவது இயல்பே. ஆனால் இம்முறை அழுக்கு குற்றவாளியன்று. 1990களில் அவ்வாயிற் புரதத்தின் பரம்பரைக் குறிப்பு கண்டறியப்பட்டு, வாயில் தனியே ஆக்கப்பட்டபோது, பீற்றா காமா அதனை நேரே தொட்டுத் திறப்பது உறுதியாயிற்று. கட்டுத்தறி என்று கருதப்பட்ட இணையும் தூதுவனே. அல்பா பிரியும்போது ஒரு செய்தி இரண்டாகின்றது. மனிதனிடம் அல்பாவுக்குப் பதினாறும், பீற்றாவுக்கு ஐந்தும், காமாவுக்குப் பன்னிரண்டும் பரம்பரையலகுகள் உள்ளன என்று இன்று கணக்கிடப்பட்டிருக்கின்றது. எந்தக் கூட்டு எந்தக் கலத்தில் எதனைச் செய்கின்றது என்பதை அளந்து முடிப்பதற்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு.

றொட்பெல்லுக்கும் கில்மனுக்கும் 1994ஆம் ஆண்டு நொபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே, ஆய்வுக்கு வேண்டிய பணம் கிடைக்காமையால் றொட்பெல் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பரிசு கிடைத்தபின் அவர் அதனை மறைக்கவில்லை. உடனடிப் பயன் தரும் ஆய்வுக்கே பணம் என்ற போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். குளுக்ககன் வாங்கியை விடுவதற்கு ஏ.ரீ.பி. ஏன் அவ்வளவு வேண்டும் என்று கேட்ட காலத்தில், அக்கேள்வியின் உடனடிப் பயன் யாது என்று அவரை எவரும் கேட்டிருந்தால் அவராற் பதில் கூறியிருக்க முடியாது.

பயன் பின்னர் வந்தது. கபச் சுரப்பியிற் கட்டி தோன்றி, கை கால் முகம் பருக்கும் நோயுடையோர் சிலரிடத்தில் அக்கட்டியின் கலங்களில் அல்பாவின் அமைப்பு மாறியிருப்பது 1989ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எலும்பு, தோல், சுரப்பிகள் ஆகியவற்றைத் தாக்கும் மக்கியூன் அல்பிறைற் நோயிலும் அவ்வாறே என்பது 1991ஆம் ஆண்டு தெரிந்தது. மாறியிருந்த இடங்களுள் முதன்மையானது அல்பாவின் 201ஆவது அமினோவமிலம். அஃது ஓர் ஆர்ஜினின். வாந்திபேதி நஞ்சு ஒட்டிக்கொள்ளும் அதே ஆர்ஜினின். கிருமி வெளியிலிருந்து வந்து நிறுத்திய கடிகாரத்தைப் பரம்பரையலகின் ஓர் எழுத்துப்பிழை உள்ளிருந்தே நிறுத்தியிருந்தது.

வாங்கியும் ஜீ புரதமும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கோலத்தைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிரால் அணு அணுவாகப் படம் பிடித்து 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர் பிறையன் கோபில்க்காவும் அவர் குழுவினரும். அடுத்த ஆண்டு அவருக்கும் றொபேட் லெப்கோவிற்சுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. றொட்பெல் 1998ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். 2015ஆம் ஆண்டு வரை வாழ்ந்த கில்மன் அப்படத்தைக் கண்டார். அதில் அதிரினலினை ஏற்கும் வாங்கி அல்பாவின் ஒரு முனையைத் தன்னுள் இழுத்துப் பிடித்திருக்கின்றது. பீற்றாவும் காமாவும் இன்னும் பிரியாமல் அருகே நிற்கின்றன. அல்பாவின் இரண்டு பகுதிகள் சிப்பியின் ஓடுகள்போல் அகலத் திறந்திருக்கின்றன. பழைய ஜீ.டீ.பி. விழுந்துவிட்டது, புதிய ஜீ.ரீ.பி. இன்னும் வரவில்லை, அந்த மடி வெறுமையாக இருக்கின்றது.